வட்டமும் நாணயமும்: அயல்நாட்டுப் பணமாற்றில் மறைந்துநிற்கும் விலை

'நாணயம்' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவதாகும். கையில் புழங்கும் காசுக்கும் அது பெயர். காசைக் கையாளுவோரிடம் அமைந்திருக்க வேண்டிய நேர்மைக்கும் அதுவே பெயர். வடமொழி 'நாணக'த்தோடு உறவுடையதாகச் சொல்லப்பெறும் இச்சொல், தமிழ் மக்கள் வாயில் புகுந்து 'நாணயமான மனிதர்', 'நாணயஸ்தர்' என வளர்ந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. ஒரு பொருளின் பெயரையே ஒரு பண்பின் பெயராகவும் ஒரு சமுதாயம் ஆக்கிக்கொண்டது என்றால், அவ்விரண்டும் பிரிந்துபோகும் இடங்களை அச்சமுதாயம் நன்கு அறிந்திருந்தது என்றே கொள்ளல் வேண்டும். அத்தகைய இடங்களுள் தலையாயது ஒரு நாட்டுக் காசு மற்றொரு நாட்டுக் காசாக மாறும் இடமாகும்.

டிசம்பர், சனவரித் திங்கள்களில் தியாகராயநகர் உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் நடந்து செல்வோர் இதனைக் கண்கூடாகக் காணலாம். மயிலாப்பூரில் இசைவிழாக் காலம்; அடையாறு, திருவான்மியூர்ப் பகுதிகளில் உறவினர் இல்லங்களில் வந்து தங்கியிருக்கும் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐரோப்பா வாழ் தமிழர்களின் கூட்டம்; பட்டும் பொன்னும் பாத்திரமும் வாங்குகிற பரபரப்பு. வருவோர் பையில் வெள்ளியும் ரிங்கிட்டும் யூரோவும் இருக்கின்றன. கடையில் விலை ரூபாயில் இருக்கிறது. இரண்டிற்கும் இடையே ஒரு கணக்கு நடைபெறுகிறது. அக்கணக்கை எவர் போடுகிறார், எந்த விலையில் போடுகிறார் என்பது வாங்குவோருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. இங்கிருந்து புனிதப் பயணமாகவும் பிழைப்பின் பொருட்டும் சுற்றுலாவாகவும் வெளிநாடு செல்லும் நம்மவர் நிலையும் இதுவேயாம். சேலையில் ஓரிழை அறுந்திருந்தால் கண்டுபிடித்து மாற்றித் தரச் சொல்லும் நம் தாய்மார், விலையிலேயே நூற்றுக்கு ஐந்து அறுந்துபோவதைக் காணமுடியாமற்போவது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்ணக்கரும் சராப்பும்

சங்கப் புலவர் பெயர்களை நோக்கினால் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் எனச் சிலர் 'வண்ணக்கன்' என்னும் அடைபெற்று வருதலைக் காணலாம். வண்ணக்கன் என்பான் காசின் தரத்தை நோட்டம் பார்த்துச் சொல்பவன். பொன்னின் மாற்றை அறிந்து சொல்லும் தொழிலைச் செய்த குடியினர், பாட்டின் மாற்றையும் அறிந்து பாடியிருக்கின்றனர். அத்தொழில் இழிவானதாகவோ ஐயத்திற்கு உரியதாகவோ கருதப்பட்டிருப்பின், அது புலவர் பெயரோடு ஒட்டிப் பெருமையாக நின்றிராது.

அக்காலத்தில் அயல்நாட்டுக் காசு தமிழகத்திற்கு வந்தமைக்குச் சான்றுகள் பல. 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 உரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் அரசர் தலைமேல் உளியால் வெட்டிய வடு காணப்படுகிறது. காசாக அது செல்லாது, பொன்னாக மட்டுமே செல்லும் என்று காட்டுவதற்காக வெட்டப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. எம் போன்றோர்க்கு அவ்வடு வேறொன்றையும் உணர்த்துகிறது. எந்த அரசனின் தலை என்பது அங்கே விலையை உறுதி செய்யவில்லை. எத்தனை எடை என்பதே உறுதி செய்தது. தராசோ கொடுப்பவன் கண்ணுக்கும் கொள்பவன் கண்ணுக்கும் ஒருசேரத் தெரிவது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தாம் பெறுவதில் மிகுதியும் தாம் தருவதில் குறைவும் நேராதபடி, விலையை மறையாமல் கூறி விற்றனர் என்று பட்டினப்பாலை ஆசிரியர் பாராட்டுகிறார். அவர் பாராட்டியது இலாபமில்லா வணிகத்தை அன்று; விலையை வெளிப்படக் கூறும் வணிகத்தை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஒரு காசைக் கொடுத்து மற்றொரு காசைப் பெறும்போது மாற்றுவோன் பிடித்துக்கொள்ளும் தள்ளுபடிக்குப் பழைய வணிக வழக்கில் 'வட்டம்' என்று பெயர். வட்டி என்பது காலத்திற்குக் கூலி. வட்டம் என்பது மாற்றத்திற்குக் கூலி. முன்னது இன்றும் எல்லோர் வாயிலும் வழங்க, பின்னது ஏறத்தாழ மறைந்துபோயிற்று. சொல் மறைந்தது, செயல் மறையவில்லை. பெயரில்லாத செலவை மனிதன் எளிதில் கேள்வி கேட்பதில்லையாதலின் இச்சொல்லிழப்பைச் சிறிய இழப்பாக எம்மால் கருதமுடியவில்லை.

வட்டம் பிடிப்பவரைச் 'சராப்பு' என்றனர். இஃது அரபு மொழியின் 'ஸர்ராஃப்' என்னும் சொல்லின் திரிபு. அதுவே போர்த்துக்கேசியர் வாயில் புகுந்து, ஆங்கிலேயர் நாவில் 'ஷ்ராஃப்' ஆயிற்று. இசுலாமியச் சட்டநூல்களில் பணத்திற்குப் பணம் மாற்றும் வணிகத்தைக் கூறும் பகுதிக்கு 'ஸர்ஃப்' என்று பெயர். சராப்புக் கடை என்று நம் பாட்டன்மார் சொல்லியபோது, அரபுக் கடலோரத்துச் சந்தைச் சொல்லொன்றையே தமிழாகச் சொல்லிக்கொண்டிருந்தனர்.

வராகன் வழங்கிய சென்னை

கும்பினியார் காலத்துச் சென்னையில் வராகன், பணம், காசு என மூவகை நாணயம் வழங்கின. கும்பினிக் கணக்கின்படி ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்திற்கு 80 காசு. ஆக, ஒரு வராகன் 3360 காசு. இது கணக்கேட்டில் உள்ள விலை. கடைத்தெருவிலோ பொன், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் வரத்திற்கேற்ப நாளுக்கு நாள் வேறு விலை. இவற்றோடு ஆர்க்காட்டு ரூபாயும் பிற ஊர் வராகன்களும் வந்து கலந்தன. பெரிய கணக்கெல்லாம் வராகனில். கீரையும் மீனும் விறகும் வாங்குவது காசில். இடையில் நின்றவர் சராப்பு. மயிலாப்பூர்ச் சந்தைக்குச் சென்றவர் ஒவ்வொரு முறையும் வட்டம் கொடுத்தே உப்பு வாங்கியிருப்பார் என்று கருதுவதில் தவறில்லை. இன்று வெளிநாட்டுப் பயணிக்கு நேர்வது அன்று உள்ளூர்க் கூலியாளுக்கே நாள்தோறும் நேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நாணயச்சாலையில் அடித்த வெள்ளி அரை வராகனில் ஒருபுறம் கோபுரமும் மறுபுறம் திருமால் உருவமும் உள்ளன. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் அதன் மதிப்பு பொறிக்கப்பட்டிருந்தது. இது பெரிதும் போற்றத்தக்க செய்தியாகும். இஃது என்ன விலை பெறும் என்பதைக் கொள்வோன் தன் மொழியிலேயே படித்தறியும் உரிமையை, ஆதிக்க நோக்கம் கொண்ட ஒரு வணிகக் கும்பினியே மறுக்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் கண்டிருக்கும் 'முன்னேற்றம்' யாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1818ஆம் ஆண்டில் வெள்ளி ரூபாயே சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயம் என அறிவிக்கப்பட்டு, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விலை வகுக்கப்பட்டது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் கும்பினி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை ஆக்கிற்று. நாட்டுக்குள் வட்டத்தின் ஆட்சி அதனோடு தளர்ந்தது. எல்லை கடப்போர்க்கு மட்டும் அது நிலைத்தது.

அட்டைப் பொறி கேட்கும் கேள்வி

இனி இக்காலத்திற்கு வருவோம். பினாங்கில் வாழும் எம் சாச்சி ஒருவர் சென்னை வந்திருந்தபோது தியாகராயநகர் ஜவுளிக்கடை ஒன்றிற்கு உடன் செல்ல நேர்ந்தது. பட்டுப் புடைவைகளைத் தெரிந்து, பேரம் பேசி, பணம் கட்டுமிடத்தில் தம் மலேசிய வங்கி அட்டையைக் கொடுத்தார். அங்கிருந்த இளைஞர் பொறியில் அட்டையைச் செருகினார், திரையில் ஏதோ எழுத்துகள் தோன்றின, அவர் நிமிர்ந்து பார்க்காமலேயே ஒரு பொத்தானை அழுத்தினார், சீட்டு வந்தது. தொகை ரிங்கிட்டில் இருந்தது. சாச்சிக்கு மகிழ்ச்சி. "நம்ம ஊர்க் காசுலயே போட்டுக் கொடுத்துட்டாங்க வாப்பா, கணக்குப் பார்க்க லேசா இருக்கு" என்றார். சீட்டின் அடியில் மிகச் சிறிய ஆங்கில எழுத்தில் மாற்று விலையும், 'எனக்குத் தெரிவு அளிக்கப்பட்டது, நானே இதனைத் தெரிந்தெடுத்தேன்' என்னும் கருத்துடைய வாசகமும் இருந்தன. எவரும் எதையும் அவருக்கு அளிக்கவில்லை. இளைஞரைக் கேட்டதற்கு, "மெஷினே அப்படித்தான் கேட்குது சார். பச்சைப் பட்டனை அமுக்கினா வந்துரும்" என்றார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. பச்சைப் பொத்தானை எதன்மேல் வைப்பது என்பதை முடிவு செய்தவர் அவரல்லர்.

இம்முறை வங்கித் துறையில் 'டைனமிக் கரன்சி கன்வர்ஷன்' எனப்படும். சுருக்கமாக 'உடன் மாற்று' எனலாம். இதன் இயக்கம் வருமாறு: அட்டை எண்ணின் தொடக்க இலக்கங்களைக் கொண்டே அட்டை எந்நாட்டு வங்கிக்கு உரியது என்பதைப் பொறி அறிந்துகொள்கிறது. உடனே, 'ரூபாயில் செலுத்துகிறீர்களா, உம் நாட்டுப் பணத்தில் செலுத்துகிறீர்களா' என்று கேட்கிறது. ரூபாய் என்றால் மாற்றும் பணியை அட்டை வழங்கிய வங்கி, அட்டை நிறுவனத்தின் அன்றைய விலைப்படி செய்யும். அதன்மேல் தனக்குரிய கட்டணத்தையும் சேர்க்கும். தம் நாட்டுப் பணம் என்றால் கடையின் பக்கத்திலுள்ள மாற்று நிறுவனமொன்று தானே ஒரு விலையை வைக்கும். அதில் கிடைக்கும் மிகுதி அந்நிறுவனத்திற்கும் கடைக்காரரின் வங்கிக்கும் கடைக்காரருக்கும் பங்காகும். வாங்குபவர் மட்டுமே அப்பங்கில் சேராதவர். பங்கைக் கொடுப்பவரோ அவர் ஒருவரே.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கணக்கு எளிமை கருதி ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் நடுவிலை 60 ரூபாய் என்று கொள்வோம். புடைவையின் விலை 30,000 ரூபாய் எனில் சரியான மாற்று 500 வெள்ளி. ரூபாயிலேயே செலுத்தி, சிங்கப்பூர் வங்கி நூற்றுக்கு 3 கட்டணம் சேர்த்தால் 515 வெள்ளி. உடன் மாற்றில் ஒரு வெள்ளிக்கு 57 ரூபாய் என்று விலை வைத்தால் 526 வெள்ளி 32 காசு. வேறுபாடு 11 வெள்ளி 32 காசு. ஏறத்தாழ 680 ரூபாய். அடக்கமான ஓர் உள்பாவாடைத் துணியும் தையற்கூலியும் அதில் அடங்கிவிடும். சில வங்கிகள், சொந்த நாட்டுப் பணத்தில் முடிந்த கணக்காயினும் கடை வெளிநாட்டில் இருந்தது என்று கூறி அதன்மேல் மற்றொரு கட்டணமும் விதிக்கின்றன. அது நூற்றுக்கு 1 எனில் தொகை 531 வெள்ளி 58 காசாக உயரும். கணக்குப் பார்க்க 'லேசாக' இருப்பதற்கு இவ்வளவு விலை.

நம்மவர் வெளிநாடு சென்று அங்குள்ள கடையில் 'இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா' என்னும் கேள்வியைப் பார்க்கும்போதும் இதுவே நடக்கிறது. ரூபாய் என்னும் சொல்லை அயல்மண்ணில் கண்டதும் ஊர்க்காரரைக் கண்டதுபோல் மனம் இளகுகிறது. அவ்விளகலே அங்கு விற்பனைப் பொருள். எனினும் ஒன்றை நடுநிலையோடு சொல்லல் வேண்டும். இந்திய வங்கிகள் பலவும் தம் அட்டைகளுக்கு விதிக்கும் அயல்நாட்டுக் கட்டணமும் குறைவானதன்று. அது நூற்றுக்கு மூன்றரை எனில், அதன்மேல் 18 விழுக்காடு வரியும் சேர்ந்து 4.13 ஆகிவிடுகிறது. ஆதலின் உடன் மாற்று எப்போதும் கொள்ளை, நம் வங்கி எப்போதும் நேர்மை என்று கூறுதல் பொருந்தாது. வங்கியின் கட்டணம் புறப்படும் முன்பே கேட்டறிந்து வேறு அட்டையைத் தெரிந்துகொள்ளக் கூடியது. கடைப்பொறியின் கட்டணமோ பின்னால் வரிசையில் நிற்போர் முணுமுணுக்க, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சில நொடியில் அறிந்து முடிவு செய்ய வேண்டியது. வேறுபாடு இதுவே.

விசா, மாஸ்டர்கார்டு ஆகிய அட்டை நிறுவனங்களின் விதிகளோ தெளிவானவை. மாற்று விலையைக் காட்டி, தெரிவை வாங்குபவரிடமே விட வேண்டும். கடைக்காரர் தாமே பொத்தானை அழுத்தலாகாது. அவ்வாறு அழுத்தியிருந்தால் அங்கேயே கணக்கை நீக்கி மீண்டும் ரூபாயில் போடச் சொல்லலாம். ஊர் திரும்பியபின் தம் வங்கி வழியாக மறுப்புத் தெரிவிக்கவும் இடமுண்டு. சாச்சி விடயத்தில் அந்த இளைஞர் முகம் கோணாமல் முதற்கணக்கை நீக்கி ரூபாயில் போட்டுக் கொடுத்தார் என்பதையும் பதிவு செய்தல் முறை.

பலகையில் எழுதாத கழிவு

கைப்பணமாக மாற்றுவோர் நிலை வேறு. 'கமிஷன் இல்லை' என்று பலகை மாட்டிய பணமாற்றுக் கூடங்களைப் பலரும் கண்டிருப்பர். பலகை பொய்யன்று. கழிவு என்று தனியே எதையும் அவர்கள் பிடிப்பதில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேயே அனைத்தும் அடங்கிவிடுகிறது. முற்கூறிய 60 ரூபாய் நடுவிலையையே கொள்வோம். கூடம் 57க்கு வாங்கி 63க்கு விற்கிறது. ஒருவர் 63,000 ரூபாய் கொடுத்து 1000 வெள்ளி வாங்குகிறார். வீட்டில் நோயோ இறப்போ நேர்ந்து பயணம் நின்றுவிடுகிறது. மறுநாள் அதே கூடத்தில் அதே தாள்களைத் திருப்பிக் கொடுத்தால் 57,000 ரூபாய் கிடைக்கும். கழிவு இல்லாத மாற்றில் 6,000 ரூபாய் மறைந்தது, நூற்றுக்கு ஒன்பதரை. வானூர்தி நிலையங்களில் இவ்விடைவெளி பெரும்பாலும் ஊருக்குள் இருப்பதைக் காட்டிலும் அகலமானது. அங்கு வாடகையும் அதிகம், வந்திறங்கியவருக்கு வேறு போக்கிடமும் இல்லை. சிறிய தாள்களுக்கும் மடிந்த பழைய தாள்களுக்கும் விலையை மேலும் குறைப்பதுண்டு.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 2017ஆம் ஆண்டின் சரக்கு, சேவை வரி விதிகளில் 32ஆம் விதி, பணமாற்றுச் சேவைக்கு மதிப்பு எவ்வாறு காண்பது என்பதைக் கூறுகிறது. மாற்றிய விலைக்கும் ரிசர்வ் வங்கியின் குறிப்பு விலைக்கும் உள்ள வேறுபாடே சேவையின் மதிப்பு என்பது அவ்விதி. குறிப்பு விலை இல்லாத நாணயங்களுக்கு மாற்றிய தொகையில் நூற்றுக்கு 1 என்று கொள்ளலாம். வணிகர் விரும்பினால் பின்பற்றத்தக்க வேறு வாய்பாடும் உண்டு. அதன்படி ஒரு லட்சம் ரூபாய் வரை நூற்றுக்கு 1, குறைந்தது 250 ரூபாய். ஆக, விலையின் இடைவெளியே மாற்றுவோரின் கூலி என்பதை அரசின் வரித்துறை ஐயமின்றி அறிந்திருக்கிறது. அறிந்து வரியும் வாங்குகிறது. கூலியைக் கொடுப்பவருக்கு மட்டும் பலகை 'கூலி இல்லை' என்கிறது.

மக்கா, மதீனா செல்வோர்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. சவூதி ரியால் 1986ஆம் ஆண்டு முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்னும் நிலைத்த விலையில் கட்டப்பட்டிருக்கிறது. ஆதலின் கூடத்தில் ரியாலுக்குச் சொல்லும் விலையை 3.75ஆல் பெருக்கினால் டாலர் விலைக்கு அண்மையில் வருதல் வேண்டும். டாலர் 85 ரூபாய் எனக் கொண்டால் ரியால் 22 ரூபாய் 67 காசு. 24 ரூபாய் என்று கேட்டால், 90 ரூபாய்க்கு டாலர் வாங்குவதற்கு அது சமம்; நூற்றுக்கு ஏறத்தாழ 6 கூடுதல். ஆயுட்காலச் சேமிப்பைக் கொண்டு உம்ராவுக்குப் புறப்படும் முதியவரின் வீட்டில் கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை இருந்தால், இப்பெருக்கலை அப்பிள்ளை செய்து பார்க்கலாம்.

அரசே இரண்டு விலை சொன்னால்

சில காலங்களில் விலையின் கோணல் கடைத்தெருவில் தோன்றாமல் ஆட்சியாளர் ஆணையில் தோன்றும். இந்திய ரூபாய் ஒருகாலத்தில் வளைகுடா நாடுகளிலும் செலாவணியாக இருந்தது. அங்கிருந்து பொன் கடத்தலுக்கு ரூபாய் பயன்பட்டமையால், 1959ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி வளைகுடாவிற்கென வேறு நிறத்தில் தனித் தாள்களை வெளியிட்டது. ஹஜ்ஜுப் பயணிகளுக்கெனப் பத்து ரூபாய், நூறு ரூபாய்த் தாள்களும் தனியே அச்சாயின. 1966 சூன் 6ஆம் நாள் டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 7.50 ஆகக் குறைக்கப்பட்டபோது, அந்த ரூபாயைப் பெட்டியில் வைத்திருந்த வளைகுடா மக்களின் சேமிப்பும் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. அந்நாட்டினர் ரூபாயைக் கைவிட்டுத் தமக்கெனப் பணம் அடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஆணை விலைக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி விரியும்போதெல்லாம் 'உண்டியல்' தழைக்கும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் காணிக்கை இடும் கலத்திற்குப் பெயரான இச்சொல், வங்கி வழியல்லாது பணம் அனுப்பும் முறைக்கும் பெயராயிற்று. 1992 மார்ச்சு முதல் ஓராண்டுக் காலம் இந்தியாவிலேயே இரு விலை இருந்தது; ஏற்றுமதியாளர் ஈட்டிய அயற்பணத்தில் நூற்றுக்கு 40 ஆணை விலையிலும் 60 சந்தை விலையிலும் மாற்றப்பட்டன. இலங்கையில் 2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச்சுத் தொடக்கம் வரை டாலருக்கு 200 ரூபாயை ஒட்டியே வங்கி விலை பிடித்து நிறுத்தப்பட்டது. வெளியே விலை அதனினும் மிகுதி. விடுபட்டபின் மே மாதத்திற்குள் அது 360ஐ ஒட்டிச் சென்றது. அந்த மாதங்களில் கனடாவிலிருந்தோ பாரிசிலிருந்தோ யாழ்ப்பாணத்துத் தாய்க்கு வங்கி வழியே பணம் அனுப்பிய மகன், சட்டத்திற்குக் கீழ்ப்படிந்தமைக்காக இழந்தான். உண்டியல் சட்டத்திற்குப் புறம்பானது. அதனால் விளையும் கேடுகளும் உண்டு. ஆயினும் அதனை வளர்த்தது மக்களின் குற்றமனம் மட்டுமன்று என்பதை மறுத்தல் இயலாது.

கப்ன் என்னும் அளவுகோல்

வணிகர் இலாபம் பெறலாகாதா என்னும் வினா இங்கு எழும். பெறலாம். தாளை வாங்கிவைத்துக் காத்து, கள்ளத்தாளைக் கண்டுபிடித்து, வாடகை கொடுத்துக் கூடம் நடத்துபவருக்குக் கூலி உண்டு. எந்த அளவு கூலி, எந்த அளவுக்கு மேல் அநீதி என்பதே வழக்கு. இவ்வினாவை மிக நுட்பமாக ஆராய்ந்தவர்கள் இசுலாமியச் சட்ட அறிஞர்கள். பொருளின் உண்மை மதிப்புக்கும் கேட்ட விலைக்கும் உள்ள பெருத்த வேறுபாட்டை அவர்கள் 'கப்ன் ஃபாஹிஷ்' என்றனர். 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பெற்ற 'மஜல்லா' என்னும் சட்டத்தொகுப்பின் 165ஆம் பிரிவு இதற்கு அளவும் கூறுகிறது. சரக்குகளில் இருபதில் ஒரு பங்கு, விலங்குகளில் பத்தில் ஒரு பங்கு, வீடு நிலங்களில் ஐந்தில் ஒரு பங்கு. வெள்ளிக்காசுகளுக்கோ நாற்பதில் ஒரு பங்கே எல்லை. அதாவது நூற்றுக்கு இரண்டரை. காரணம் வெளிப்படை. வீட்டின் விலையை மதிப்பிடுவதில் இருவர் கருத்து வேறுபடலாம். காசின் விலையில் அவ்வளவு வேறுபட இடமில்லை. அதனால் அதற்கு மிகக் குறுகிய எல்லை வகுத்தனர். அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால், மேலே எடுத்துக்காட்டிய 57 ரூபாய்க் கணக்கு எல்லையை இருமடங்கு தாண்டிவிட்டது.

அத்தொகுப்பின் 356, 357ஆம் பிரிவுகள் மேலும் ஒரு வரம்பு வகுக்கின்றன. விலை பெருத்திருப்பது ஒன்றே விற்பனையை நீக்கப் போதாது. ஏமாற்றும் அதனோடு சேர்ந்திருந்தால் நீக்கலாம். அநாதையின் சொத்து, வக்ஃபு, பொதுக்கருவூலம் ஆகியவற்றிற்கு மட்டும் ஏமாற்று இல்லாதபோதும் காப்பு உண்டு. தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவருக்குச் சட்டம் துணைநிற்க வேண்டும் என்பது இதன் கருத்து. தெரிந்து கொடுத்தவன் கொடுத்ததுதான். தெரியாமல் கொடுக்கச் செய்தல் வேறு. வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணல் வேண்டும் என்னும் கருத்துடைய 120ஆம் குறளை, வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்ததையும் மாணவர்கள் இதனோடு இணைத்து நோக்கலாம். ஈதல் அதிகாரத்தில் அவர் அதனை வைக்கவில்லை. இலாபத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. தராசு நேராக நிற்கச் சொன்னார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டில் இயற்றிய 518ஆம் எண் ஒழுங்குமுறை ஏறத்தாழ இவ்வழியே செல்கிறது. உடன் மாற்றை அது தடை செய்யவில்லை. 2020 ஏப்ரல் 19 முதல், ஐரோப்பிய மைய வங்கியின் குறிப்பு விலையைக் காட்டிலும் நூற்றுக்கு எத்தனை கூடுதல் என்பதைப் பணம் செலுத்தும் முன்பே காட்ட வேண்டும் என்று பணித்தது. வட்டம் பிடிக்கலாம், ஆனால் எத்தனை வட்டம் என்று சொல்லிவிட்டுப் பிடிக்க வேண்டும்.

சீட்டில் ஒரு வரி

2019ஆம் ஆண்டின் இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை நுகர்வோரின் உரிமைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ரிங்கிட்டில் சீட்டுப் பெறுபவருக்கு விலை என்பது ரிங்கிட்டின் விலையும் சேர்ந்ததே. ஆதலின் தியாகராயநகர்க் கடையின் பொறியிலும் அந்நூற்று விழுக்காடு அச்சாக வேண்டும் என்று கேட்பது மிகையன்று. அது தமிழில் அச்சாக வேண்டும் என்று கேட்பதும் மிகையன்று. கோபுரம் பொறித்த அரை வராகனில் இடம் பெற்ற தமிழ், உஸ்மான் சாலை அட்டைப் பொறியின் திரையில் இடம் பெறவில்லை. வாங்குபவரும் தமிழர், பொத்தானை அழுத்துபவரும் தமிழர். இடையில் நிற்கும் கேள்வி மட்டும் இருவருக்கும் முழுதும் புரியாத மொழியில் இருக்கிறது.

தமிழ்த்துறை செய்யக்கூடிய பணி ஒன்று இதில் உண்டு. கலைச்சொல் ஆக்கம் என்றவுடன் அறிவியல் நூல்களையே நினைக்கிறோம். 'மார்க்கப்' என்று வங்கியார் கூறுவதற்கு 'வட்டம்' என்னும் நம் பழஞ்சொல் போதுமானது. சந்தை நடுவில் நிற்கும் விலைக்கு 'நடுவிலை' என்பது எவர்க்கும் விளங்கும். திரையில் வர வேண்டியவை மூன்று வரிகளே: 'ரூபாயில் செலுத்த: 30,000. வெள்ளியில் செலுத்த: 526.32. நடுவிலைக்கு மேல் வட்டம்: நூற்றுக்கு 5.26.' இம்மூன்று வரியும் வரும்வரை, பணம் கட்டுமிடத்தில் அட்டையைக் கொடுக்கும்போதே, "ரூபாயிலேயே போடுங்க தம்பி" என்று வாய்திறந்து சொல்லிவிடுமாறு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு நம் மாணவர்கள் எடுத்துக் கூறலாம். எம் சாச்சி இப்போது அவ்வாறுதான் சொல்கிறார்.